எங்கள் வீட்டு டீச்சர்

டீச்சர் வீட்டுப் பெண்ணாகப் பிறந்து வளர்வதில் ஒரு சங்கடம் உண்டு. அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும். வீட்டிலும் டீச்சர், பள்ளிக்கூடத்திலும் டீச்சர். அதோடு விட்டதா? எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கோயில் திண்ணையில் ஞானோபதேச வகுப்பு நடக்கும். அங்கே போனாலும் கையில் பிரம்போடு அதே டீச்சர்! (அந்தப் பிரம்பு தரையில் தட்டுவதற்கு மட்டும்தான். யார் முதுகிலும் பட்டு நான் பார்த்ததில்லை.) ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அம்மாவை 'டீச்சர்' என்றே கூப்பிட்டதால், நானும் அண்ணனும் வீட்டில்கூட வாய் தவறி, "டீச்சர், பசிக்குது" என்று சொல்லியிருக்கிறோம். "கையைக் கழுவிட்டு வரிசையா வாங்க" என்பாள் அம்மா, சிரிக்காமல்.

அம்மா 2022-ம் வருஷம் தவக்காலத்தில் காலமானாள். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பெரிய பதவி வகித்தவள் இல்லை. விருது எதுவும் வாங்கியதில்லை. முப்பத்தேழு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனாலும் குழந்தையைப் படிக்க வைக்கத் திண்டாடும் இளம் தாய்மார்களுக்கும், வயதான தாயாரை வீட்டில் வைத்துப் பார்த்துக் கொள்ளும் என் வயதுப் பெண்களுக்கும் அவளிடமிருந்து எடுத்துக் கொள்ள ஏதாவது இருக்கும் என்று தோன்றுகிறது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையோரம் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். உப்பு விளைச்சலில் இந்தியாவிலே குஜராத்துக்கு அடுத்தபடி நம் தமிழ்நாடுதான். அதில் பெரும்பங்கு எங்கள் பக்கத்து உப்பு. தாத்தா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. அம்மா 1950-ல் பிறந்தாள். அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படித்தாள். 1971-ல் ஊரிலேயே கோயில் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஐந்து வகுப்புக்கு மூன்று டீச்சர்கள். 2008-ல் ஓய்வு பெறும் வரை அம்மாவுக்கு அதே பள்ளிக்கூடம்தான்.

அம்மாவின் சிறு வயதில் பூசை முழுக்க லத்தீனில் நடக்குமாம். குருவானவர் பீடத்தைப் பார்த்துக் கொண்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று சொல்வார். கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் மீன்காரக் கிழவிகளும் உப்பளத்துப் பெண்களும் ஒரு வார்த்தை புரியாமல் லத்தீனிலேயே பதில் சொல்வார்களாம். அம்மாவுக்கும் அத்தனையும் மனப்பாடம். 1962-லிருந்து 1965 வரை ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியதல்லவா, அதன் பிறகுதான் அவரவர் பாஷையில் பூசை நடத்தலாம் என்று ஆயிற்று. முதன்முதலாகத் தமிழில் பூசை கேட்ட அன்றைக்கு ஆச்சி (அம்மாவைப் பெற்றவள்) 'இதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேனா?' என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியை அம்மா மறக்கவே இல்லை. "புரியாம மனப்பாடம் பண்ணுனதெல்லாம் பூட்டி வச்ச பெட்டி மாதிரிட்டி. சுமந்துக்கிட்டே அலையலாம், ஒண்ணும் எடுக்க முடியாது" என்பாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லும் முன் சிப்பிகளைக் குவித்து, இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக அடுக்கச் சொல்வாள். கடற்கரையில் சிப்பிக்கா பஞ்சம்? சிப்பி இல்லாவிட்டால் புளியங்கொட்டை.

எழுத்து முதலில் மணலில்தான். சிலேட்டுக் குச்சியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு மாசமாவது விரலால் எழுத வேண்டும். "விரலுக்குத் தெரிஞ்சது குச்சிக்குத் தெரியும்" என்பது அவள் கட்சி. தவறினால் உள்ளங்கையால் தடவி விட்டால் போயிற்று. அழித்த தடமே தெரியாது. பயந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி பாருங்கள்! வருஷத்துக்கு இரண்டு தடவை கரும்பலகைக்குக் கறுப்பு ஏற்றுவது பெரிய பிள்ளைகளுக்குத் திருவிழா. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவார்கள். ஊமத்தை விஷச்செடியாயிற்றே, அரைப்பது மட்டும் அம்மாவே. பிள்ளைகள் பூசி முடித்ததும் ஒவ்வொருத்தர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, முகர்ந்து பார்த்துத்தான் சோற்றுக்கு விடுவாள்.

1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. இந்தக் காலத்து இளம் தாய்மார்களுக்கு இது தெரிந்திருக்காது. அதற்கு முன்னால் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கீழே சுழித்துக் கொண்டு வேறு மாதிரி. இப்படிப் பதின்மூன்று எழுத்துகளை மாற்றி, இப்போது நாம் எழுதுகிற மாதிரி ஆக்கினார்கள். 'ஏழு வருஷமா எழுதின கை எப்படி மாறும்?' என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் முணுமுணுத்தபோது, அம்மா ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டு முழுக்க புது லை, புது னை என்று எழுதிப் பழகினாளாம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

அவளுக்கு அதில் தைரியம் கொடுத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்து குருவாகி இங்கே வந்த அவர், எங்கள் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் இருந்து ஊழியம் செய்தவர். பழைய ஏடுகளில் எகரம், ஒகரம் குறிலானால் மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழுமே என்று வைக்காமலே விட்டு விடுவார்கள். படிக்கிறவன் பாடு திண்டாட்டம். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் அவர். "எங்கிருந்தோ வந்தவரே நம்ம பிள்ளைக படிக்கச் சுளுவா இருக்கட்டும்னு எழுத்தை மாத்தியிருக்காரு. எனக்கு என்ன வந்துச்சு?" என்பாள் அம்மா. ஆனால் ஒரு வேடிக்கை. கரும்பலகையில்தான் புது எழுத்து. வீட்டுக் கணக்கு நோட்டிலும், செபப் புத்தகத்தில் எழுதி வைத்துக் கொண்ட குறிப்புகளிலும் கடைசி வரை தும்பிக்கை லைதான்!

அதே முனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை அம்மா நடித்துக் காட்டுவாள். குருவும் சீடர்களும் ஆற்றைக் கடந்து கரையேறி ஆளை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டு விட்டே எண்ணுவதால் ஒரு ஆள் குறையும். ஆறு ஒருவனைக் கொண்டு போய்விட்டதே என்று எல்லோரும் ஒப்பாரி வைப்பார்கள். 'டீச்சர், அவனை எண்ணலை, அவனை எண்ணலை!' என்று வகுப்பே எழுந்து நின்று கத்தும்.

எண்ணுவது என்றதும் செபமாலை ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் இரவு ஏழு மணிக்குச் செபமாலை. மழையோ, விருந்தாளியோ, முழுப் பரீட்சையோ, ஒன்றும் அதை நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு டி.வி.யில் 'ஒளியும் ஒலியும்' ஆரம்பிக்கிற சத்தம் கேட்கும்போது நாங்கள் நாலாம் பத்துமணியில் இருப்போம். அண்ணன் அஞ்சல் வண்டி வேகத்தில் மந்திரத்தைச் சொல்லி முடிப்பான்!

கத்தோலிக்கர் அல்லாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். செபமாலையில் சின்ன மணி ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மங்கள வார்த்தை செபம். இடையிடையே வருகிற பெரிய மணிக்குப் பரலோக மந்திரம். அம்மா ஒவ்வொரு மணியையும் விரலில் பிடித்ததும் உதடு அசையாமல் என்னவோ சொல்லிக் கொள்வாள். அது என்னவென்று எட்டு வயதில் ஒருநாள் கேட்டேன்.

"பேரு" என்றாள்.

வகுப்பில் நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள். மணிக்கு ஒரு பிள்ளை. மந்திரத்துக்கு முன் அந்தப் பெயர். இந்து வீட்டுப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என்ற வித்தியாசம் அதில் கிடையாது. வருகைப் பதிவேட்டில் இருக்கிற வரிசைதான். அது போக மிஞ்சுகிற மணிகள்தான் அப்பா, அண்ணன், நான், ஆச்சி, மற்ற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. 'பெத்த பிள்ளைக்கு மிச்ச மணியா?' என்று அழுதேன். "நீ என் கூடவே இருக்கியேட்டி, உனக்குத் தனியா எதுக்குச் சிபாரிசு?" என்று அம்மா கன்னத்தைத் துடைத்து விட்டாள். சமாதானம் ஆகவில்லை. சரி, பெரிய மணி யாருக்கு என்று கேட்டேன். பெரிய மணியாவது எனக்குக் கிடைக்குமோ என்ற ஆசை.

"அதா? பள்ளிக்கூடத்துக்கு வராம நின்னு போச்சுகளே, அந்தப் பிள்ளையளுக்கு."

எங்கள் ஊரில் பிள்ளைகள் நின்று போவது சாதாரணம். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் உப்பளத்தில் வேலை சூடு பிடிக்கும். முன்பணம் வாங்கின வீட்டில் பத்து வயதுப் பிள்ளையும் வேலைக்குப் போகும். கடலில் நல்ல பாடு கிடைத்தால் அன்றைக்குப் பாதி வகுப்பு கரையில் நிற்கும். சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்து, மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளை வீட்டுக்கு அம்மா நடந்தே போவாள். என்னையும் கையில் பிடித்துக் கொள்வாள். போனதும் 'ஏன் அனுப்பலை' என்று கேட்க மாட்டாள். 'ஒரு வாய்த் தண்ணி தாங்க' என்று வாசல்படியில் உட்கார்ந்து கொள்வாள். டீச்சர் தண்ணீர் கேட்டு உட்கார்ந்து விட்டால் எழுந்து போகச் சொல்ல முடியுமா? கடன் கதை, குடிகாரப் புருஷன் கதை எல்லாம் தானாக வெளியில் வரும். பத்தில் ஏழு பிள்ளைகள் திரும்பி வந்து விடும் என்பாள்.

வராமல் போனவர்களில் ஒருவன் என் வகுப்புப் பையன். 1987-ல் நாலாம் வகுப்பு. எனக்குப் பின் வரிசையில் உட்காருவான். கணக்கில் புலி. சிப்பியும் வேண்டாம், விரலும் வேண்டாம், கண்ணை மூடிச் சொல்லி விடுவான். அவன் அப்பா உப்பளத்தில் வாங்கிய முன்பணம் தீரவில்லை. அம்மா அந்த வீட்டுக்கு நான்கு தடவை போனாள். கடைசித் தடவை போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு வேறு உப்பளத்துக்குப் போய்விட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. பதிவேட்டில் அவன் பெயரை அடிக்கச் சொல்லித் தலைமையாசிரியை சொல்லியும், அந்த வருஷம் முடிகிறவரை அம்மா அடிக்கவில்லை.

தவக்காலம் நாற்பது நாளும் அம்மா மீன் தொட மாட்டாள். கறிதான் ஆகாது, மீனுக்குத் தடையில்லை. கடலோரத்தில் பிறந்தவளுக்கு மீன்தான் பெரிய தியாகம் என்று அவளே வைத்துக் கொண்ட விரதம். மீன் வாங்காத காசு மண் உண்டியலில் விழும். பெரிய வெள்ளிக்கு முன் உடைத்து, பாதி கோயிலுக்கு, பாதி சிலேட்டு நோட்டுக்கு. வாசலில் கூடையை இறக்கும் மீன்காரி, 'டீச்சருக்கு மோட்சம் உறுதி, எனக்கு யாவாரம்தான் போச்சு' என்று கேலி செய்வாள். ஈஸ்டர் அன்றைக்கு அவளிடமே பெரிய சீலாத் துண்டாக வாங்கி அந்தக் கணக்கை நேர் செய்து விடுவாள் அம்மா.

நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். 2011-ல் அப்பா தவறியதும் அம்மா என்னோடு வந்து விட்டாள். அண்ணனும் மதினியும் தூத்துக்குடியில் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பகலில் தனியாக இருக்க வேண்டாம் என்று சேர்ந்து எடுத்த முடிவு. என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது, பையனுக்கு மூன்று. ஆச்சி வந்ததில் இரண்டுக்கும் கொண்டாட்டம். தூத்துக்குடி மக்ரூன் டப்பாவோடு வந்து இறங்கினால் யாருக்குத்தான் கொண்டாட்டமாக இருக்காது!

பையன் இரண்டாம் வகுப்பு படிக்கையில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வாசிப்பே வரவில்லை, பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுவதும் இல்லை, இந்தப் பள்ளி இவனுக்குச் சரிப்படாது என்றார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. பையனைக் கூடத்தின் ஒரு கோடியில் நிற்க வைத்து, மறு கோடியில் காலண்டரைப் பிடித்துக் கொண்டு தேதியைப் படிக்கச் சொன்னாள். கண்ணை இடுக்கினான். முதுகுப் பக்கமாகப் போய் மெதுவாகக் கூப்பிட்டாள். திரும்பினான். "காது நல்லா இருக்கு. கண்ணுதான். நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. பிள்ளைக்குப் படிப்பு வரலைன்னு சொல்லதுக்கு முன்னால கண்ணையும் காதையும் பாத்தாச்சான்னு கேக்கணும்" என்றாள். கிட்டப்பார்வை என்று கண் டாக்டரும் சொன்னார். கண்ணாடி போட்ட அன்று வேப்பமரத்தைப் பார்த்து, 'அம்மா, இலையெல்லாம் தனித்தனியா இருக்கு!' என்றான் பையன்.

கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகி விடவில்லை. இரண்டு வருஷப் பாக்கி இருந்ததே. அம்மா தினம் கால் மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று ஆரம்பித்தாள். மதுரை அடுக்குமாடி வீட்டில் மணலுக்கு எங்கே போவது? தாம்பாளத்தில் அரிசி மாவைப் பரப்பி விரலால் எழுத வைத்தாள். அப்புறம் பஸ் போர்டு. சாயங்காலம் அவனைக் கூட்டிக் கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து விடுவாள். எங்கேயும் போக அல்ல, போர்டு படிக்கத்தான்! பெரியார், ஆரப்பாளையம், திருமங்கலம். பஸ் நின்று கிளம்புவதற்குள் படித்து விட வேண்டும். 'மாட்டுத்தாவணி'யைத் தட்டாமல் படித்த அன்று ஆச்சியும் பேரனும் கரும்புச்சாறு குடித்து விட்டு வந்தார்கள். 'நான் ஒரு வருஷத்துல வாசிக்க வச்சேன்னு நினைக்காதே. அவன் கண்ணு ரெண்டு வருஷமா வாசிக்க விடலை' என்று என் வீட்டுக்காரரிடம் அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பள்ளியை நாங்கள் மாற்றவில்லை.

2017-ல் மறதி ஆரம்பித்தது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். பால் வாங்கப் பாத்திரத்தோடு போனவள் வெறும் பாத்திரத்தோடு வருவாள். வயதானால் மறதி வராதா என்று இருந்திருக்கலாம். ஆனால் ஒருநாள் காலைப் பூசைக்குப் போனவள், ஆறு வருஷமாகப் போய் வருகிற அந்த இரண்டு தெருவுக்குள் வழி தெரியாமல் நின்று, ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டு வந்து விட்டார். டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் தைராய்டு, பி12 வைட்டமின், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும்கூட இப்படி மறதி வருமாம். அப்படியானால் மருந்தில் தேறி விடலாமாம். ஆகவே சகோதரிகளே, வீட்டில் பெரியவர்களுக்கு மறதி என்றால் 'வயசுதானே' என்று விட்டு விடாதீர்கள். என் அம்மாவுக்கு அவையெல்லாம் சரியாகவே இருந்தன. தலையை ஸ்கேன் எடுத்த பிறகு அல்ஸைமர் என்றார் டாக்டர். குணமாகாது, மெதுவாக்கத்தான் மருந்து.

அப்புறம் ஐந்து வருஷம். முழுவதும் எழுதப் போவதில்லை. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துக் கொள்கிறவர்களுக்கு எழுதித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு ஒரு விஷயத்தில்தான் எரிச்சல். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே குனிந்து, 'நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?' என்பார்கள். முப்பத்தேழு வருஷம் கேள்வி கேட்டவளுக்குப் பரீட்சை! பதில் தெரியாமல் அவள் விழிக்கிறபோது என் வயிறு கலங்கும். வாசலிலேயே நிறுத்தி, 'உள்ளே போனதும் உங்க பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க' என்று சொல்லி அனுப்புவதை வழக்கமாக்கிக் கொண்டேன். கோபித்துக் கொண்டவர்களும் உண்டு. கோபித்துக் கொள்ளட்டும்.

பொழுது சாய்கிற நேரம்தான் கஷ்டம். 'வீட்டுக்குப் போகணும், பிள்ளையெல்லாம் காத்துக் கிடக்கும்' என்று கதவைப் பிடித்து இழுப்பாள். 'இதுதானே உங்க வீடு' என்று வாதாடினால் இன்னும் கூடும். வாதாடக் கூடாது, கவனத்தைத் திருப்புங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செபமாலையைக் கையில் கொடுத்தால் அமைதியாகி விடுவாள். மந்திரம் ஒன்றுகூடத் தட்டாது. சில நாள் தமிழ் போய், அறுபது வருஷத்துக்கு முந்திய லத்தீன் வரும்! பூட்டிய பெட்டி என்று அவளே சொன்னாளே, அந்தப் பெட்டி மட்டும் பத்திரமாக இருந்தது.

என் பெண் இன்னொன்று கண்டுபிடித்தாள். 2020-ல் ஊரடங்கில் கோயிலும் பூட்டி, பள்ளியும் பூட்டி, எல்லோரும் வீட்டிலேயே அடைந்து கிடந்த சமயம். ஒரு சாயங்காலம் ஆச்சி கதவை இழுத்தபோது ஒரு நோட்டையும் பேனாவையும் அவள் மடியில் வைத்து, 'டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்கலையே' என்றாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்து கொண்டாள். பெயர் வாசிக்க ஆரம்பித்தாள். என் பெயர் மறந்து போயிருந்த அந்த வாயிலிருந்து வரிசையாக, தலைப்பெழுத்தோடு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. பேத்தியும் பேரனும் மாற்றி மாற்றி 'உள்ளேன் டீச்சர்', 'உள்ளேன் டீச்சர்' என்றார்கள். அன்றிலிருந்து தினம் ஆறு மணிக்கு வருகைப் பதிவு, அப்புறம் செபமாலை.

ஒருநாள் அந்தக் கணக்குப் புலியின் பெயரை வாசித்தாள். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. முப்பத்து மூன்று வருஷமாயிற்று அந்தப் பெயரைக் கேட்டு. என் பையன் வழக்கம் போல, 'உள்ளேன் டீச்சர்' என்றான். அம்மா அவனையே பார்த்தாள்.

"பொய் சொல்லக் கூடாது. நீ அவன் இல்லை. அவன் வரலை."

நோட்டை மூடி வைத்து விட்டு எழுந்தாள். "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

தடுக்கவில்லை நான். செருப்பை மாட்டி விட்டு, முகத்தில் துணியைக் கட்டி விட்டு, கையைப் பிடித்துக் கொண்டு படியிறங்கினேன். ஆளில்லாத தெருவில் முனை வரை நடந்தோம். பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தாள். "இல்லை போலிருக்கு" என்றாள். "நாளைக்கு வருவோம்மா" என்றேன். சரி என்று திரும்பி வந்தாள். இரவு செபமாலையில் பெரிய மணியை விரலில் பிடித்தவள், அதை விடவே ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்த நாட்களில்தான் ஒருமுறை என் பெண், 'எல்லாருக்கும் மணி வச்சிருக்கியே, உனக்கு எந்த மணி ஆச்சி?' என்று கேட்டாள். அம்மாவுக்குக் கேள்வி புரிந்ததோ என்னவோ, மாலையை உருட்டிக் கொண்டே இருந்தாள். 'பரமார்த்த குரு கதையில வர்ற ஆள் மாதிரி நீயும் உன்னை எண்ண மறந்துட்ட ஆச்சி' என்று பேத்தி சொன்னதும் சிரித்து விட்டாள். அந்தக் கதையை அவள் மறக்கவில்லை!

2022 தவக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி, நான்கு நாள் படுக்கையில் இருந்து, வீட்டிலேயே அமைதியாக முடிந்தது. ஊருக்குக் கொண்டு போய் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தோம். ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். கடலுக்குப் போகிறவர்கள் அன்றைக்குப் படகு இறக்கவில்லை. சவப்பெட்டி அருகே வந்து ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி விட்டு, முத்தி செய்து விட்டு நகர்ந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து அப்படிச் செய்யவில்லை. நான் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் கொண்டிருந்தேன். அந்தக் கணக்குப் பையனின் பெயர் வரவில்லை.

செபமாலை இப்போது என் பெண்ணிடம் இருக்கிறது. செபப் புத்தகத்து ஓரங்களில் ஆச்சி எழுதி வைத்திருக்கும் தும்பிக்கை லைகளை முதலில் அவளால் படிக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் நோட்டைப் போட்டு எழுதிக் காட்டினேன். இப்போது தட்டாமல் படிக்கிறாள்.

அந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோம். அண்ணன் புதுக் கல்லறைக் கல் பதித்திருந்தான். கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். பேரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு குனிந்து படித்தான். எழுத்து எழுத்தாக, பஸ் போர்டு படிப்பானே அந்த மாதிரி.

"அம்மா, 'ஆசிரியை'க்கு வல்லின 'றி' போட்டிருக்கு!"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். நிஜம்தான். எழுதிக் கொடுத்த தாளில் அண்ணன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். செதுக்கியவருக்குக் கை மாறி விட்டது. சவரிமாலை முழுக்கச் சுற்றி வைத்து மறைத்து விடலாம் என்றாள் மதினி. 'ஆச்சி விடுவாளா?' என்றான் பையன். மறுநாளே கல் வேலைக்காரரை வரச் சொன்னோம். அவரும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானாம். விஷயத்தைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக் கொண்டு, கூலி வேண்டாம் என்று சொல்லி விட்டு உட்கார்ந்தார். தேய்த்து எடுத்து விட்டு இடையின 'ரி' செதுக்கினார். அந்த ஒரு எழுத்து மட்டும் மற்ற எழுத்துகளை விடக் கொஞ்சம் பள்ளத்தில் இருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது.